சிவப்புச் சீட்டு எங்கே கிடைக்கும்?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மின்னஞ்சல்கள் வருகின்றன. குடும்ப ஓய்வூதியம் இரண்டு மாதமாக வரவில்லை, மருத்துவ பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அகவிலைப்படி நிலுவை கணக்கில் ஏறவில்லை, நவம்பரில் கொடுத்த வாழ்வுச் சான்றிதழைக் காணோம் என்கிறார்கள். இப்படித்தான். இதையெல்லாம் செயலர் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். நோட்டு நிறைந்ததும் அடுத்த நோட்டு. பழைய நோட்டில் இருந்தவர்களின் கதி என்ன என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் என் மகள் வயிற்றுப் பேரன் ரெட்மைன் என்ற இலவச மென்பொருளைச் சங்கக் கணினியில் போட்டுக் கொடுத்தான். இஷ்யூ ட்ராக்கர் என்கிறார்கள். வருகிற ஒவ்வொரு மடலும் ஒரு எண் போட்ட புகாராக அதில் ஏறிவிடுகிறது. யார் கையில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். நாங்கள் பயன்படுத்திய வரவுப் பதிவேடுதான், கொஞ்சம் புத்தியுள்ள பதிவேடு. ஒவ்வொரு புகாருக்கும் முன்னுரிமை என்று ஒரு கட்டம் உண்டு. மென்பொருள் வரும்போதே அதில் ஐந்து படிகள் இருக்கின்றன: லோ, நார்மல், ஹை, அர்ஜென்ட், இமீடியட்.

பேரன் கேட்டான்:

“தாத்தா, அவசரம்னு மெயில்லயே ஒரு குறி போட்டு அனுப்பறாங்க இல்ல, அந்தச் சிவப்பு ஆச்சரியக்குறி. அதை அப்படியே எடுத்து இங்க முன்னுரிமையா போட்டுடறேன். ஒரு ஆள் உட்கார்ந்து பிரிக்கிற வேலை மிச்சம்.”

“வேண்டாம்டா.”

“ஏன்? அஞ்சுக்கு அஞ்சு. அளவெடுத்த மாதிரி பொருந்துது.”

செயலரும் அவன் பக்கம்தான். ஏன் வேண்டாம் என்று அவர்கள் இருவருக்கும் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அந்தக் குறி என்ன என்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைமாட்டிலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் பல வரிகள் இருக்கின்றன. ஹெடர் என்று பெயர். அவற்றில் எக்ஸ்-பிரயாரிட்டி என்று ஒன்று. அதில் 1 முதல் 5 வரை எண் வரும். 1 என்றால் மிக அவசரம், 3 சாதாரணம், 5 கடைசி. இம்பார்ட்டன்ஸ் என்று இன்னொன்று. அதில் ஹை, நார்மல், லோ என்று மூன்றே சொற்கள். பிரயாரிட்டி என்று மூன்றாவது ஒன்று. அதில் அர்ஜென்ட், நார்மல், நான்-அர்ஜென்ட். இவை போதாதென்று மைக்ரோசாஃப்ட்காரர்கள் தங்கள் பெயரோடு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ஒரே மடலில் இவற்றில் இரண்டு மூன்று இருக்கலாம். ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

எண் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. மின்னஞ்சலில் 1 என்பது உச்சம். பக்ஸில்லா என்ற பழைய ட்ராக்கரிலும் பி1 தான் மேலே. ஆனால் ரிக்வெஸ்ட் டிராக்கர் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் எண் பெரிதாகப் பெரிதாக முன்னுரிமை கூடும். யோசிக்காமல் எண்ணை எண்ணாகவே மாற்றினால் வீடு பற்றி எரிகிறது என்பவன் வரிசையின் வாலில் போய் நிற்பான்.

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர் திருத்திக்கொள்ளக்கூடிய கோளாறுகள். என் ஆட்சேபம் வேறு.

இந்த ஹெடர்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1984-ல் ஜெனீவாவில் இருந்த சர்வதேசத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழு எக்ஸ்.400 என்று மின்மடலுக்கு ஒரு தரம் வெளியிட்டது. (சேசேஇதேதே என்று பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அந்தக் குழுவைச் சொல்வார்கள். பிரெஞ்சில் படித்தவனுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.) தந்தியும் தபாலும் தெரிந்தவர்கள் செய்தது என்பதால் அதில் ஒரு தெளிவு இருந்தது. மடலை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோக வேண்டும் என்பது உறை சம்பந்தப்பட்டது. உள்ளே இருக்கும் செய்தி எவ்வளவு முக்கியம் என்பது வேறு, அது பெறுகிறவருக்கு அனுப்புகிறவர் காட்டும் ஒரு சாடை. இரண்டையும் தனித்தனியாக வைத்தார்கள். பின்னர் அந்த முறையையும் இணைய மின்னஞ்சலையும் பொருத்திவைக்க ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் வந்தபோது, முதலாவது பிரயாரிட்டி என்ற ஹெடராகவும் இரண்டாவது இம்பார்ட்டன்ஸ் என்ற ஹெடராகவும் ஆயின.

ஆக, ஒன்று தபால்காரருக்குச் சொல்வது, மற்றது வாசிக்கிறவருக்குச் சொல்வது. இரண்டில் எதுவுமே, “உங்கள் மேஜையில் இருக்கும் மற்ற இருபத்து நான்கு பேரை ஒதுக்கிவிட்டு என்னை முதலில் பாருங்கள்” என்று உத்தரவிடும் அதிகாரம் உள்ளதல்ல. அனுப்புகிறவருக்கு அந்த இருபத்து நான்கு பேரைத் தெரியவே தெரியாதே!

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் சொற்களின் வேரைக் கேட்டே எங்களைக் கொல்வார். உர்ஜான், அதாவது அவசரம் என்ற சொல், லத்தீனில் நெருக்குவது, அழுத்துவது என்ற வினையிலிருந்து வருகிறது. பிரியோரிதே என்பதன் வேர் ‘முந்தியது’ என்ற பொருளுள்ள சொல். தமிழிலும் பாருங்கள், முன்னுரிமை என்பதில் ‘முன்’ இருக்கிறது. ஒருவர் தனியாக இருந்துகொண்டே அவசரமாக இருக்கலாம். ஆனால் தனியாக இருப்பவருக்கு முன்னுரிமை என்று ஒன்று கிடையாது. யாருக்கு முன்? பின்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

பிரான்ஸ் நாட்டுச் சாலை விதியில் பிரியோரிதே அ துருவாத் என்று ஒன்று உண்டு. பலகை எதுவும் இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டுகிறவன் “எனக்கு அவசரம், ஆகவே எனக்கே முன்னுரிமை” என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவசரத்தை நாம் உணரலாம். முன்னுரிமையை நமக்கு வேறொன்று தர வேண்டும்: ஒரு விதி, அல்லது வரிசை முழுவதையும் பார்க்கிற ஒரு ஆள்.

பேரன் இதைக் கேட்டுவிட்டு, “சொல் ஆராய்ச்சியெல்லாம் சரி தாத்தா, நிஜத்துல என்ன கெட்டுப்போகும்?” என்றான். நியாயமான கேள்வி. அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். வீட்டில்கூட இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் 1973-ல் எழுத்தராகச் சேர்ந்தேன். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நோட்டு எழுதத் தடுமாறிய காலம். மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டை ராத்திரி உட்கார்ந்து நெட்டுருப் போட்டேன். அதில் அவசரத்துக்கு இரண்டே தரங்கள்தான்: ‘இமீடியட்’, ‘பிரயாரிட்டி’. முதலாவதை உடனடி கவனம் தேவைப்படும் ஃபைலுக்கு மட்டும்தான் போட வேண்டும். அது மட்டுமல்ல, ஃபைல் நகரும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தரத்தை மறுபடி யோசித்து, தேவையானால் மாற்ற வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. அருமையான விதி. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இதை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

அங்கே நடந்தது என்னவென்றால், சிவப்புச் சீட்டு ஒட்டினால்தான் ஃபைல் நகரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே எல்லோரும் ஒட்டினார்கள். எல்லா ஃபைலும் சிவப்பானதும், சிலர் இரண்டு சீட்டு ஒட்டினார்கள். அதற்கு மேல் பச்சை மையில் அடிக்கோடு. ஒரு தடவை ஒட்டிய சீட்டை யாரும் கிழித்ததில்லை. வேலை முடிந்து ஆவண அறைக்குப் போன ஃபைல்கூட ‘உடனடி’ என்று சீட்டோடு தூசி படிந்து கிடக்கும்.

1978-ல் நான் பணியாளர் பிரிவில் இருந்தேன். பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு பியூனின் குடும்ப ஓய்வூதிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பணிக்காலத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம். தட்டச்சு செய்யக் கால் மணி நேரம். அந்த ஃபைலில் சீட்டு எதுவும் இல்லை. அதற்காகச் சீட்டு ஒட்டச் சொல்ல யாரும் இல்லை. அதனால் அடியில் வைத்தேன். மேலே சிவப்புச் சீட்டு ஃபைல்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று, அலுவலகத்தில் எத்தனை தட்டச்சு இயந்திரங்கள் இருக்கின்றன என்று கேட்டு வந்த பட்டியல். அதற்கு மூன்று நினைவூட்டு, மூன்று சீட்டு.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாள் வந்து என் மேஜை முன் நின்றார். சத்தம் போடவில்லை. கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ஐயா, மேல இருக்கிறதுல எல்லாம் சிவப்பா ஒரு சீட்டு ஒட்டியிருக்குதே, அது எங்கீங்க கிடைக்கும்? காசு குடுக்கணும்னாலும் குடுக்கறேன்.”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, அது ஏதோ கடையில் விற்கிற ஸ்டாம்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டு கேட்டார். அன்று மாலைக்குள் கடிதம் போயிற்று. ஆனால் அதற்கு முன்பே மூத்த பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். ஓய்வூதியம் வந்த பிறகும் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஃபைலை அடியில் வைத்தது நான்தான். சீட்டு இல்லை என்பது என் காரணம், அவ்வளவுதான்.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கணினியைத் திறந்து, சங்கத்துக்கு அதுவரை வந்திருந்த மடல்களின் ஹெடர்களைப் பார்த்தான். சிவப்புக் குறியோடு வந்தவை யாருடையவை? பெரும்பாலும் மேஜைக் கணினியில் அவுட்லுக் வைத்திருக்கும் முன்னாள் அதிகாரிகளுடையவை. ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தம் பெயர் இல்லை என்ற மடல்கூட எக்ஸ்-பிரயாரிட்டி 1. விதவைத் தாய்மார்கள், கடைநிலை ஊழியர்களாக இருந்தவர்கள் எல்லோரும் பேத்தியின் கைபேசியிலிருந்து ஜிமெயிலில் அனுப்புகிறார்கள். ஜிமெயிலில் அனுப்புகிறவர் அந்தக் குறியைப் போடுவதற்குப் பொத்தானே கிடையாது. அதில் தெரியும் மஞ்சள் அடையாளம் பெறுகிறவர் பக்கத்தில் தோன்றுவது, அனுப்புகிறவர் போடுவதல்ல.

“அவங்களுக்குச் சீட்டு கிடைக்கிற கடையே இல்ல தாத்தா” என்றான் பேரன். எனக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

தந்திக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்பிரஸ் தந்தி என்றால் சாதாரணத் தந்திக்கு இரட்டிப்புக் கட்டணம். கவுன்டரில் நிற்கும்போதே, இது தாங்குமா என்று மனசு ஒரு கணக்குப் போடும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். மின்னஞ்சலின் ஆச்சரியக்குறிக்குக் காசு கிடையாது. சும்மா கிடைக்கிற அவசரத்தை யார்தான் விடுவார்கள்? விளம்பரக்காரர்களும் விடவில்லை. அதனால்தான் சில குப்பைமடல் வடிகட்டிகள் இந்தக் குறியைச் சந்தேகத்துக்குரிய அடையாளமாகவே கணக்கில் எடுத்தன.

செயலர் விட்டுக்கொடுக்கவில்லை. “அப்படியானால் நிஜமாகவே அவசரம் என்று குறி போட்டு அனுப்புகிறவரை அலட்சியப்படுத்தலாமா? நாளைக்கு ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அனுப்பினால்?” என்றார். நல்ல கேள்வி. குறியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது ஒரு சாட்சி. சாட்சியைக் கேட்க வேண்டும், ஆனால் தீர்ப்பு எழுதும் பேனாவைச் சாட்சியின் கையில் கொடுக்கக் கூடாது.

“அவசரமில்லை என்று குறித்து வருவதையாவது தானாகவே ‘லோ’வில் போடலாமே, தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிறவர் பொய் சொல்ல மாட்டாரே” என்றார் அடுத்து. நம் ஊர் மனிதர்களைத் தெரிந்தவர் இப்படிக் கேட்கலாமா? “அவசரம் ஒன்றுமில்லை ஐயா, தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்” என்று எழுதியிருப்பார். கீழே படித்தால், இதய அறுவைக்கு வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கும். அடக்கமும் ஒரு விதத்தில் தப்பான தகவல்தான்.

ஒரே ஒரு இடத்தில் பேரன் சொன்னதை ஒப்புக்கொண்டேன். இயந்திரம் அனுப்பும் மடல். ராத்திரி தகவல்களை நகலெடுத்து வைக்கும் நிரல் தோற்றுப்போனால் அது சங்கக் கணக்குக்கு ஒரு மடல் அனுப்புகிறது. அதற்கு எந்தக் குறி போட வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி யோசித்து வைத்திருக்கிறோம். இயந்திரத்துக்குக் கௌரவப் பிரச்சினை இல்லை, பக்கத்து இயந்திரத்தை முந்தவேண்டும் என்ற ஆசையும் இல்லை. அங்கே எண்ணுக்கு எண் நேராக மாற்றலாம்.

கடைசியில் நாங்கள் செய்த ஏற்பாடு இது:

1. புதிய புகார் எல்லாம் ‘நார்மல்’ படியில்தான் ஏறும், யார் அனுப்பினாலும்.

2. ஹெடரில் இருக்கும் குறி ‘அனுப்பியவர் சொல்வது’ என்று தனியாக ஒரு கட்டத்தில் பதிவாகும். அவசரம், சாதாரணம், அவசரமில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று நான்கு விதம். ஒன்றும் சொல்லாததைச் சாதாரணம் என்று எழுதக் கூடாது. வாய் திறக்காதவர் வேறு, பரவாயில்லை என்றவர் வேறு.

3. இரண்டு ஹெடர்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைக்கும். தீர்மானிக்காது.

4. தினம் காலை பத்து மணிக்கு ஒரு ஆள் உட்கார்ந்து புதியவை எல்லாவற்றையும் வாசிப்பார். அவசரக் குறி உள்ளதை முதலில் திறக்கலாம், தடையில்லை. ஆனால் மதியத்துக்குள் எல்லாவற்றையும் வாசித்தாக வேண்டும். படியை மாற்றுவது அவர் மட்டும்தான், காரணம் ஒரு வரி எழுதித்தான்.

5. பழைய புகாருக்குச் சிவப்புக் குறியோடு பதில் வந்தால் படி தானாக ஏறாது. வாரம் ஒருமுறை ‘அர்ஜென்ட்’டும் ‘இமீடியட்’டும் மறுபார்வைக்கு வரும். வேலை ஆனதும் இறக்கிவிட வேண்டும்.

ஐந்தாவது விதி கையேட்டில் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு இடத்தில் அதை அமல்படுத்திவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மடல் வரும் பெரிய நிறுவனங்களில் இப்படி ஆள் வைத்துப் படிக்க முடியாது என்பார்கள். இருக்கலாம். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: இந்தக் குறியை யாரால் போட முடிகிறது, யாரால் முடியவில்லை? எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள், எவ்வளவு நாள் தாங்கும் என்று படிவத்திலேயே கேட்டு, அந்தப் பதிலிலிருந்து முன்னுரிமையைக் கணக்கிடலாம். நிறைய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். “உங்களுக்கு எவ்வளவு அவசரம்?” என்று கேட்டால் எல்லோரும் உச்சத்தைத்தான் சொல்வார்கள். “வருமானம் நின்றுவிட்டதா? எந்தத் தேதியிலிருந்து?” என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

காலை பத்து மணி ஆள் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், வேண்டாம் என்று சொன்னவனின் தலையில்தான் கட்டினார்கள். முதல் நாள் இருபத்திரண்டு மடல். சிவப்புக் குறியோடு நான்கு. அதில் ஒன்று செயலருடையது: ஆண்டுக் கூட்டத்துக்கு டீயா, காபியா என்று. ‘லோ’ போட்டு, காரணம்: “இரண்டும் வைக்கலாம்” என்று எழுதினேன்.

பத்தொன்பதாவதாகத் திறந்தது ஒரு கைபேசி மடல். பொருள் வரி காலி. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து இரண்டே வரிகள்: வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம் ஆயிற்று, வங்கியில் ஏதோ தாள் கேட்கிறார்கள், என்ன தாள் என்று புரியவில்லை. ‘அனுப்பியவர் சொல்வது’ கட்டத்தில், ஒன்றும் சொல்லவில்லை.

‘இமீடியட்’ போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், வருமானம் ஐந்து மாதமாக நின்றிருக்கிறது என்று எழுதிவிட்டு, மடலின் அடியில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன்.